பழைய பிக்கப் லாரிகளில் பவர் பிரேக்: பூஸ்டர் அமைவிடத்தின் வரலாறு

பவர் பிரேக் என்பது ஓட்டுநரின் கால் தரும் விசையுடன் வேறொரு ஆற்றலின் விசையையும் சேர்த்து வண்டியை நிறுத்தும் அமைப்பு ஆகும். இதில் கூடுதல் விசையைத் தரும் பகுதி பூஸ்டர் எனப்படும். பிரேக் எண்ணெயை அழுத்தத்துடன் சக்கரங்களுக்கு அனுப்பும் பகுதி மாஸ்டர் சிலிண்டர் எனப்படும். இன்றைய கார்களில் இவ்விரண்டும் எஞ்சின் அறையில், ஓட்டுநருக்கு நேர் முன்னால் உள்ள சுவரில் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் 1940களிலும் 1950களின் நடுப்பகுதி வரையிலும் அமெரிக்காவில் வெளிவந்த பிக்கப் லாரிகள் பலவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, சேசிஸ் சட்டத்தில் இருந்தது. இவ்வண்டிகளைப் புதுப்பித்து இன்றைய சாலைகளில் ஓட்ட விரும்புவோர் பவர் பிரேக் பொருத்தும்போது, பூஸ்டரைத் தரைக்கு அடியிலேயே வைப்பதா, எஞ்சின் அறைச் சுவருக்கு மாற்றுவதா என்ற கேள்வி எழுகிறது. இது இடவசதி பற்றிய சிறு கேள்வி போலத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் பிரேக் தொழில்நுட்பத்தின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

எண்ணெய் பிரேக்கின் வருகை

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புக் கம்பிகளும் கேபிள்களும் இருந்தன. நான்கு சக்கரங்களுக்கும் கம்பிகளின் இழுப்பு ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இக்குறையைத் தீர்க்க அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் எண்ணெயின் வழியே விசையைக் கடத்தும் முறையை உருவாக்கினார். மூடிய பாத்திரத்தில் உள்ள நீர்மத்தின் மீது தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. 1921ஆம் ஆண்டு டியூசன்பெர்க் நிறுவனத்தின் மாடல் ஏ காரில் நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் பிரேக் அமைக்கப்பட்டது. 1924இல் கிரைஸ்லர் கார் இதை நடுத்தர மக்களுக்கு அருகில் கொண்டுவந்தது. செவ்ரோலெட் 1936ஆம் ஆண்டு மாடல்களிலும், ஃபோர்டு 1939ஆம் ஆண்டு மாடல்களிலும் இம்முறைக்கு மாறின.

கம்பி பிரேக் காலத்தில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே சென்று, சேசிஸ் சட்டத்தில் உள்ள அச்சில் ஆடியது. கம்பிகள் தரைக்கு அடியில் ஓடியதால் அது இயல்பான ஏற்பாடு. எண்ணெய் பிரேக் வந்தபோது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பெடலை இடம் மாற்றவில்லை. கம்பி மாட்டியிருந்த பகுதியில் மாஸ்டர் சிலிண்டரை வைத்தார்கள். எனவே மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் அமைந்தது முந்தைய முறையின் தொடர்ச்சியே.

1947ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளிவந்து 1955இன் தொடக்கம் வரை விற்ற செவ்ரோலெட் 'அட்வான்ஸ் டிசைன்' பிக்கப்புகளும், 1948இல் வந்த ஃபோர்டு எஃப்-1, 1953 முதல் 1956 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 ஆகியவையும் இவ்வமைப்பைக் கொண்டவை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பும் இப்படியே. இந்திய விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே தொகுத்து விற்கத் தொடங்கியது. அவ்வகைப் பழைய ஜீப்புகளின் பெடல் தரையைத் துளைத்து இறங்குவதைத் தமிழ்நாட்டு வாசகர்களில் பலர் பார்த்திருக்கக்கூடும்.

வெற்றிடம் கொடுத்த துணைவிசை

பெட்ரோல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது அதன் உள்ளிழுப்புக் குழாயில் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தம் உருவாகிறது. இதையே மெக்கானிக்குகள் வேக்குவம் என்கிறார்கள். பெல்ஜியப் பொறியாளர் ஆல்பர்ட் டெவாண்டர் 1920களின் பிற்பகுதியில் இதைப் பயன்படுத்தி பிரேக்குக்குத் துணைவிசை தரும் கருவியை வடிவமைத்தார். அமெரிக்காவில் கேலப் பிராக், விக்டர் கிளீஸ்ராத் ஆகியோரின் வேக்குவம் பூஸ்டர் 1928இல் பியர்ஸ்-ஆரோ கார்களில் இடம்பெற்றது.

பூஸ்டர் வேலை செய்யும் விதம் எளிது. வட்டமான தகட்டுப் பெட்டியை ஒரு ரப்பர் திரை இரு அறைகளாகப் பிரிக்கிறது. பெடலை மிதிக்காதபோது இரு அறைகளிலும் வேக்குவம் இருக்கும். மிதித்ததும் ஒரு வால்வு திறந்து, ஓட்டுநர் பக்க அறைக்குள் வெளிக்காற்றை விடுகிறது. ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் வேக்குவம் என்பதால் திரை முன்னோக்கித் தள்ளப்பட்டு மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது.

இதன் அளவை ஒரு கணக்கால் அறியலாம். பாதரச அளவில் 46 சென்டிமீட்டர் வேக்குவம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.62 கிலோ விசைக்குச் சமம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள திரையின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 190 கிலோ விசை கிடைக்கிறது. உராய்வு, சுருள்வில் ஆகியவற்றால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும். திரையின் பரப்பைக் கூட்டினால் விசையும் கூடும். பெரிய பெட்டிக்கு இடமில்லாதபோது, சிறிய பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திரைகளை வைக்கும் முறையும் உண்டு.

போர்க்காலத்தில் பெண்டிக்ஸ் நிறுவனத்தின் 'ஹைட்ரோவாக்' என்னும் கருவி பரவலாயிற்று. ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட ஜிஎம்சி இரண்டரை டன் ராணுவ லாரிகளில் இது இருந்தது. இதன் தனிச்சிறப்பு, பெடலுடன் நேரடியாக இணையத் தேவையில்லை என்பதே. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் எண்ணெயை வாங்கி, அதன் அழுத்தத்தைக் கூட்டிச் சக்கரங்களுக்கு அனுப்பும். அதனால் சேசிஸில் வசதியான எந்த இடத்திலும் பொருத்த முடிந்தது. பூஸ்டரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வரலாற்றில் கிடைத்த முதல் விடைகளில் இதுவும் ஒன்று.

பெடல் மேலே ஏறிய கதை

தரையைத் துளைக்கும் பெடலில் சில தொல்லைகள் இருந்தன. துளை வழியே தூசியும் குளிரும் சத்தமும் உள்ளே வந்தன. மாஸ்டர் சிலிண்டர் சேற்றிலும் நீரிலும் நனைந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை எண்ணெய் அளவைப் பார்ப்பது. தரை விரிப்பைத் தூக்கி, சிறு மூடித் தகட்டைக் கழற்றி, சுற்றிலும் உள்ள அழுக்கைத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க முடியும். கண்ணில் படாத பொருளைக் கவனிக்க மறப்பது மனித இயல்பு. எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து குறைவதை, பெடல் தரையைத் தொடும் நாள் வரை பலர் அறியாமல் இருந்தனர்.

எனவே 1950களில் தயாரிப்பாளர்கள் பெடலை முகப்புப் பலகைக்குக் கீழே தொங்கவிடத் தொடங்கினார்கள். 1957ஆம் ஆண்டு மாடலில் ஃபோர்டு பிக்கப் தொங்கும் பெடலுக்கு மாறியது. மாஸ்டர் சிலிண்டர் எஞ்சின் அறைச் சுவருக்கு வந்தது. முன்மூடியைத் தூக்கினாலே எண்ணெய் அளவு தெரிந்தது. பூஸ்டர் வைப்பதற்கும் அதே சுவர் இடம் கொடுத்தது.

ஒரு குழாயா, இரண்டா?

இடத்தைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் இக்காலத்தில் நடந்தது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. ஏதேனும் ஒரு சக்கரத்தின் ரப்பர் குழாய் வெடித்தால், மிதிக்கும்போது எண்ணெய் முழுவதும் அந்த வழியே போய்விடும். நான்கு சக்கரங்களிலும் பிரேக் இராது. மிஞ்சுவது கைப்பிரேக் ஒன்றே.

1962ஆம் ஆண்டு மாடல்களில் கெடிலாக் நிறுவனமும் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனமும் இரட்டை அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தின. ஒரு பாதை அறுந்தாலும் மற்றொரு பாதையில் உள்ள சக்கரங்கள் வண்டியை நிறுத்தும். 1967ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலெட், ஃபோர்டு பிக்கப்புகளில் இது இடம்பெற்றது. 1968 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் பயணியர் கார்களுக்குச் சட்டப்படி கட்டாயமாயிற்று. பழைய வண்டியைத் திருத்துவோர் பூஸ்டரை எங்கே வைத்தாலும், அதனுடன் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரையும் சேர்ப்பது இக்காரணத்தால்தான்.

டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரின் தேவையும்

பழைய பிக்கப்புகள் டிரம் பிரேக் கொண்டவை. டிரம் பிரேக் வகைகள் பலவற்றில், சுழலும் டிரம் தன்னோடு பிரேக் ஷூவையும் இழுத்து இறுக்கிக்கொள்ளும். அதாவது சக்கரத்தின் சுழற்சியே பிரேக்குக்கு உதவுகிறது. டிஸ்க் பிரேக்கில் இவ்வுதவி இல்லை. இருபுறமும் உள்ள பேடுகள் தட்டை நேராக நெருக்குவதால், எண்ணெய் அழுத்தம் அதிகம் தேவைப்படுகிறது. ஆனால் டிஸ்க் விரைவில் குளிர்கிறது, நீரில் நனைந்தாலும் விரைவில் உலர்கிறது, மலை இறக்கத்தில் வலுவிழப்பதும் குறைவு. 1971ஆம் ஆண்டு மாடலில் செவ்ரோலெட் அரை டன் பிக்கப்பின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் இயல்பான பொருத்தமாயிற்று. பழைய வண்டியைத் திருத்துவோரும் பெரும்பாலும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் போடுகிறார்கள். அங்கேதான் பூஸ்டரின் தேவை தொடங்குகிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடலின் நெம்புகோல் விகிதம் 6 என்று கொள்வோம். கால் 30 கிலோ விசை தந்தால் மாஸ்டர் சிலிண்டருக்கு 180 கிலோ கிடைக்கும். ஒரு அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். எனவே எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 36 கிலோ. பூஸ்டர் உள்ள வண்டியில் விகிதம் 4 என்று கொண்டால், அதே கால் 120 கிலோ தரும். பூஸ்டரின் 190 கிலோவும் சேர்ந்து 310 கிலோ. அழுத்தம் 62 கிலோவாக உயர்கிறது. பெடல் விகிதத்தைக் குறைத்த பிறகும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. விகிதத்தை 6ஆகவே விட்டுவிட்டு பூஸ்டரையும் சேர்த்தால், இலேசாகத் தொட்டாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலை வரலாம். ஆகவே பூஸ்டருக்கான இடத்தைத் தேர்வது பெடலின் விகிதத்தைத் தேர்வதும் ஆகும்.

தரைக்கு அடியில் பொருத்துதல்

இம்முறையில் பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் பழைய இடத்திலேயே, சேசிஸ் சட்டத்தில் தாங்கி அமைத்துப் பொருத்தப்படுகின்றன. இதன் நன்மைகள் மூன்று. முதலாவது, வண்டியின் பழைய தோற்றம் மாறுவதில்லை. எஞ்சின் அறைச் சுவரில் துளையிட வேண்டியதில்லை. பிற்காலத்தில் யாரேனும் பழையபடி மாற்ற விரும்பினால் மாற்றலாம். இரண்டாவது, சேசிஸ் சட்டம் கெட்டியான இரும்பு. எவ்வளவு அழுத்தினாலும் வளையாது. மூன்றாவது, பெடல், சிலிண்டர், குழாய்கள் எல்லாம் சேசிஸிலேயே இருப்பதால் அவற்றுக்கிடையே அசைவு இல்லை.

குறைகளும் உண்டு. பூஸ்டரின் வட்டப் பெட்டிக்குத் தரைக்கு அடியில் இடம் குறைவு. அருகே கியர்பாக்ஸும் புகைக்குழாயும் இருக்கும். புகைக்குழாயின் வெப்பம் பிரேக் எண்ணெயைச் சூடாக்கும். கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகி பெடல் மெத்தென்று ஆகிவிடும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் இன்னும் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும். எனவே வெப்பத் தடுப்புத் தகடு தேவைப்படுகிறது.

மற்றொரு சிக்கல் உயரம் சார்ந்தது. தரைக்கு அடியில் உள்ள மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்தில் உள்ள காலிப்பரைவிடத் தாழ்வாகவோ சம உயரத்திலோ இருக்கும். வண்டி நிற்கும்போது எண்ணெய் மெல்லப் பின்வாங்கி வந்துவிடலாம். அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் பாதி தூரம் வெறுமனே இறங்கும். இதைத் தடுக்கக் குழாயில் எச்ச அழுத்த வால்வு பொருத்தப்படுகிறது. டிஸ்க்குக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு, டிரம்முக்கு 10 பவுண்டு என்பது வழக்கமான அளவு. இரண்டையும் மாற்றிப் பொருத்தக் கூடாது. டிஸ்க்குக்கு 10 பவுண்டு வால்வைப் போட்டால் பேடுகள் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

எண்ணெய் அளவைப் பார்க்கும் பழைய தொல்லைக்கும் இன்று தீர்வு உண்டு. எஞ்சின் அறையில் தனி எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து, அங்கிருந்து குழாய் வழியே கீழுள்ள சிலிண்டருக்கு எண்ணெய் இறங்கும்படி செய்கிறார்கள்.

எஞ்சின் அறைச் சுவரில் பொருத்துதல்

இம்முறையில் தரைப் பெடல் நீக்கப்பட்டு, முகப்புப் பலகைக்குக் கீழே தொங்கும் பெடல் அமைக்கப்படுகிறது. தரைத் துளை அடைபடுகிறது. எண்ணெய் அளவு பார்ப்பதும், காற்றை வெளியேற்றுவதும், பழுது பார்ப்பதும் எளிது. மாஸ்டர் சிலிண்டர் உயரத்தில் இருப்பதால் டிஸ்க் பாதைக்கு எச்ச அழுத்த வால்வு பெரும்பாலும் தேவையில்லை. சேறும் நீரும் எட்டாது.

ஆனால் பழைய வண்டியின் சுவர் இந்த வேலைக்காக உருவாக்கப்பட்டதன்று. அது மெல்லிய தகடு. நூற்றுக்கணக்கான கிலோ விசை அதன் மீது வரும்போது தகடு வளையும். அந்த வளைவு பெடலின் நகர்வை விழுங்கிவிடும்; நாளடைவில் தகட்டில் விரிசலும் விழலாம். ஆகவே சுவரின் இருபுறமும் கெட்டித் தகடு வைத்து, பெடல் தாங்கியை முகப்புப் பலகையின் சட்டத்தோடும் இணைக்க வேண்டும்.

இடமும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஸ்டீயரிங் தண்டு, கிளட்ச் இணைப்பு, முன்மூடியின் கீல், பெரிய வி-8 எஞ்சின் மாற்றியிருந்தால் அதன் வால்வு மூடி ஆகிய எல்லாம் அதே மூலையில் நெருக்குகின்றன. இதற்காகவே பெட்டியின் விட்டத்தைக் குறைத்து இரட்டைத் திரை வைத்த பூஸ்டர்களை நாடுகிறார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஓட்டுநர் அறை சேசிஸ் மீது ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருக்கிறது. சாலையில் அறை ஒரு விதமாகவும் சேசிஸ் ஒரு விதமாகவும் அசையும். சுவரிலுள்ள சிலிண்டரிலிருந்து சேசிஸுக்கு இறங்கும் இரும்புக் குழாயை நேராக இறுக்கிக் கட்டினால் அது ஒரு நாள் முறியும். சுருள் வளைவு விட்டோ, நெகிழும் குழாய் சேர்த்தோ அமைக்க வேண்டும்.

பிற வழிகள்

இரண்டு இடங்களும் ஒத்துவராதபோது, ஹைட்ரோவாக் வழியில் வந்த தனி பூஸ்டரைச் சேசிஸில் வேறிடத்தில் வைக்கலாம். பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் தொடவேண்டியதில்லை. ஆனால் இவ்வகைக் கருவி ஒன்று ஓர் எண்ணெய்ப் பாதைக்கு மட்டுமே உதவும் என்பதால், இரட்டைப் பாதை உள்ள வண்டியில் எந்தப் பாதைக்கு உதவி என்று முடிவு செய்ய வேண்டும். அல்லது இரண்டு கருவிகள் வேண்டும்.

1970களில் பெண்டிக்ஸ் 'ஹைட்ரோபூஸ்ட்' முறையைக் கொண்டுவந்தது. இது வேக்குவத்துக்குப் பதிலாகப் பவர் ஸ்டீயரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது. பெட்டி சிறியது. வேக்குவம் போதாத எஞ்சின்களுக்கு இது பொருத்தமானது. டீசல் எஞ்சினில் உள்ளிழுப்புக் குழாயில் போதிய வேக்குவம் உண்டாவதில்லை. பந்தய வகை கேம் தண்டு போட்ட பெட்ரோல் எஞ்சினிலும் வேக்குவம் குறைவு. கடல் மட்டத்திலிருந்து உயரே போகப்போகவும் அது குறையும். ஒவ்வொரு 1000 அடிக்கும் பாதரச அளவில் ஏறத்தாழ ஒரு அங்குலம் என்பது தோராயக் கணக்கு. இத்தகைய வண்டிகளில் சில வேளை மின்சார வேக்குவம் பம்பும் சேர்க்கப்படுகிறது.

தவறான நம்பிக்கை

பவர் பிரேக் பொருத்தினால் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இது முழு உண்மை அன்று. வண்டியை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. பூஸ்டர் செய்வது கால் உழைப்பைக் குறைப்பதே. தேய்ந்த ஷூ, எண்ணெய் கசியும் சக்கரச் சிலிண்டர், வெடிப்பு விட்ட ரப்பர் குழாய், துருப்பிடித்த இரும்புக் குழாய் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு பூஸ்டரை மட்டும் சேர்த்தால் ஆபத்து கூடுகிறது. முன்பு குறைந்த அழுத்தத்தில் தாங்கிக்கொண்டிருந்த பழைய குழாய், கூடுதல் அழுத்தத்தில் விட்டுப்போகலாம். அதுவும் ஓட்டுநர் பதறிப்போய் முழு வலுவோடு மிதிக்கும் அந்த ஒரு நொடியில்தான் அது நிகழும்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைப் பல முறை மிதித்துச் சேமிப்பு வேக்குவத்தைத் தீர்க்க வேண்டும். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெடல் காலின் கீழ் சற்று இறங்கினால் பூஸ்டர் இயங்குகிறது என்று பொருள். எஞ்சின் ஓடும் வழியில் நின்றுபோனாலும், ஒருவழி வால்வு காத்துவைத்திருக்கும் வேக்குவத்தால் ஓரிரு முறை உதவி கிடைக்கும். அதன் பிறகு கால் வலுதான்.

இன்றைய நிலை

பழைய பிக்கப்புகளைத் திருத்துவோரிடையே இரு போக்குகள் காணப்படுகின்றன. வண்டியை வரலாற்றுப் பொருளாகப் பார்ப்போர் தரைக்கு அடியில் பொருத்துவதையே விரும்புகிறார்கள். அன்றாடம் ஓட்டுவோரும், எஞ்சினையும் மாற்றிவிட்டோரும் பராமரிப்பு எளிது என்பதால் எஞ்சின் அறைச் சுவரை நாடுகிறார்கள். இரண்டில் எதுவும் தன்னளவில் தவறன்று. தரைக்கு அடியில் வைத்தவர் எண்ணெய் அளவை மறக்காமல் பார்க்க வேண்டும். சுவரில் வைத்தவர் தகட்டைப் போதிய அளவு வலுப்படுத்தியிருக்க வேண்டும். அந்தந்த இடம் கேட்கும் கவனத்தைக் கொடுத்தால், எழுபது ஆண்டுக்கு முந்தைய லாரியும் இன்றைய வாகனங்களுக்கு நடுவே நம்பிக்கையோடு ஓட முடியும்.